சோறு ஊட்ட முடியாத நாட்கள்

நம்முடைய குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட பிரியத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் மிகவும் குறைவு. அந்தப் பிரியம் இலையில் விழும் இன்னொரு கரண்டிச் சோறாகவும், இரவு நெடுநேரம் கழித்து வருகிறவருக்காக மூடி வைத்த குழம்பாகவும், ஜுரம் கண்டவருக்கு மிளகு தட்டிப்போட்ட ரசமாகவும், ஊருக்குப் புறப்படுகிறவரின் பையில் அவர் கேளாமலே வைக்கப்பட்ட கட்டுச்சோற்றுப் பொட்டலமாகவுமே வெளிப்படுகிறது. ஆகையால் வீட்டில் ஒருவருக்கு ஜீரண உறுப்புகளில் பெரிய வியாதி வந்து, வாய் வழியாக ஒன்றுமே கொடுக்கக் கூடாது என்று வைத்தியர் கட்டிலின் தலைமாட்டில் எழுதி மாட்டிவிடும்போது, பக்கத்தில் நிற்கும் துணைக்குத் தன் பிரியத்தைத் தெரிவிக்க அதுகாறும் கைவந்திருந்த ஒரே பாஷையும் பறிபோய்விடுகிறது. கால் முறிந்தவருக்கு வேண்டியதைச் சமைத்து ஊட்டிவிடலாம். காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்து, அவர் இரண்டு வாய் குடித்தால் நாமே வயிறு நிறைய உண்டது போன்ற திருப்தியை அடையலாம். குடலும் கணையமும் பகைத்துக்கொண்ட இடத்தில் அந்த ஆறுதலுக்கும் வழியில்லை. அங்கே வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். அவ்வாறு உட்கார்ந்திருப்பவருக்குத் தெய்வநம்பிக்கை எவ்வகையில் துணை நிற்கிறது, அதை நாம் எவ்வகையில் துஷ்பிரயோகம் செய்துவிடுகிறோம் என்பதைப் பற்றிச் சில அபிப்பிராயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

இவை அநுபவத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவை. பண்ருட்டியில் எங்கள் வீட்டில், சென்ற ஆண்டு தை மாதத்தின் ஓர் இரவில், சாப்பிட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த என் மனைவி, மேல்வயிற்றில் ஏதோ குத்துவதாகச் சொன்னாள். அரைமணி நேரத்துக்குள் அந்த வலி முதுகை ஊடுருவிப் பரவ, மல்லாந்து படுக்கவும் மாட்டாமல், தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னே குனிந்தபடியே உட்கார்ந்துவிட்டாள். வாயுவாக இருக்கும் என்று நான் தீர்மானித்தேன். ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். வாந்தியாக வெளியே வந்தது. மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன், அதுவும் தங்கவில்லை. பொழுது விடியட்டும் என்று நான் காத்திருந்த அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பாயும் வலியும், நிற்காத வாந்தியும் சேர்ந்து வருமானால் அது கைமருந்துக்கு உரிய வியாதியன்று என்பதை இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே என் பிழையை இங்கே எழுதி வைக்கிறேன்.

வியாதியின் பெயர் கணைய அழற்சி. பித்தப்பையில் உண்டாகும் சிறு கற்களில் ஒன்று நழுவி இறங்கி, பித்தநாளமும் கணையநாளமும் சிறுகுடலில் வந்து கூடும் வாயிலை அடைத்துக்கொள்ளுமாயின், உணவைச் செரிப்பிப்பதற்காகக் கணையம் சுரக்கின்ற நீர்கள், குடலுக்குள் போய்ச் செய்ய வேண்டிய காரியத்தைத் தாம் பிறந்த உறுப்பின்மீதே செய்யத் தொடங்கிவிடுகின்றன. இந்த வியாதிக்கு உலகெங்கும் பிரதானமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று பித்தக்கல், மற்றொன்று மது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு ஒரு வாரத்தை ஒட்டி அழற்சி தணிந்துவிடும். எஞ்சிய ஒருவருக்குக் கணையத்தின் ஒரு பகுதி அழுகியோ, சுற்றிலும் நீர் கோத்துக்கொண்டோ, சிறுநீரகமும் நுரையீரலும் தளர்ந்தோ, உயிருக்கே ஆபத்தான ஸ்திதி ஏற்படக்கூடும். என் மனைவி அந்த எஞ்சியவர்களில் ஒருத்தியானாள். 19 நாட்கள் மருத்துவமனையில் இருந்தாள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த அழற்சியையே நேராக முறித்துவிடும் மருந்து என்று தனியாக எதுவும் இல்லை. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, வலியைத் தணித்து, தளர்கின்ற உறுப்புகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பு தானே தேறி வரும் வரையில் விழிப்போடு காத்திருப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. அதாவது, இது வைத்தியர்களும் காத்திருக்கிற வியாதி. அவர்கள் இரத்தப் பரிசோதனைத் தாளையும் ஸ்கேன் படத்தையும் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நாம் எதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது என்பதே கேள்வி.

விடியற்காலையில் 108 வண்டி எங்களை ஏற்றிக்கொண்டு, திருவதிகைப் பக்கமாகக் கடலூரை நோக்கி ஓடியபோது, கெடில நதியை ஒட்டிய அந்த வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் வந்த ஒருவருடைய நினைவு எனக்கு வந்தது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அது வராமல் இராது. பண்ருட்டிக்கு அருகில் உள்ள திருவாமூரில் மருணீக்கியாராகப் பிறந்து, பாடலிபுத்திரம் என்று வழங்கிய திருப்பாதிரிப்புலியூரின் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்றிருந்தவர், ஏழாம் நூற்றாண்டில் கொடிய சூலைநோய்க்கு ஆளாகி, தம்முடைய சமையற்காரனைத் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரிடம் தூது அனுப்பி, பின்பு தாமே இரவோடு இரவாக அங்கே வந்து சேர்ந்து, திருநாவுக்கரசராக எழுந்தார் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தின் வரலாறு. அதில் உள்ள சமயப் பூசலின் பகுதி இந்தக் கட்டுரைக்கு வேண்டுவதன்று. வயிற்று நோயாளி ஒருவருக்குப் பக்கத்துணையாக நின்ற ஒருவருடைய சித்திரமாகவே அதை நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

திலகவதியார் மனைவியல்லர், தமக்கையார். ஆயினும் துணையிருத்தலின் இலக்கணத்தை அவரைவிட நன்றாகக் காட்டியவர் நம் இலக்கியத்தில் அரியர். தமக்கென்று நிச்சயித்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் இறந்த பின், தாமும் உயிர்விடத் துணிந்து, தம்பி ஒருவன் இருக்கிறானே என்பதற்காகவே உயிர் தரித்தவர் அவர். அந்தத் தம்பி நோயோடு வந்து காலில் விழுந்தபோது, ஐந்தெழுத்தை ஓதித் திருநீற்றைக் கொடுத்தார். இதுவரையில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்துச் சேக்கிழார் சொல்லும் ஒரு சிறு விவரத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. பொழுது புலரும் முன்பே கோவிலுக்குப் புறப்பட்ட திலகவதியார் கையில் விளக்குமாறும், மெழுகுவதற்கான சாணச் சட்டியும் இருந்தன. தினந்தோறும் அவர் செய்துவந்த திருப்பணி அது. தம்பிக்கு நோய் என்பதற்காக அதை நிறுத்திவிட்டுப் புலம்பவில்லை. புதிதாக ஒரு பிரார்த்தனையை ஏற்படுத்திக்கொண்டு தெய்வத்தோடு பேரம் பேசவும் இல்லை. தம்முடைய நித்தியப் பணிக்குள் நோயாளியையும் அழைத்துக்கொண்டு போனார். விளக்குமாறு ஏந்திய அந்த பக்திதான் மருத்துவமனைக் கட்டிலுக்கு அருகில் வேண்டிய பக்தி என்பது என் துணிபு.

எங்கள் வீட்டில் அத்தகைய பக்தி என் மனைவிக்கே உரியதாக இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கும், சஷ்டியும், பிரதோஷத்துக்குத் திருவதிகைக்குப் போய்வருவதும் அவளுடைய காரியங்கள். நான் கூடப் போய்விட்டு வருகிறவன் மட்டுமே. மூன்றாம் நாள், நாக்கு வறண்டு, உதட்டில் ஈரப் பஞ்சு மட்டும் தடவ அநுமதிக்கப்பட்ட நிலையில், அவள் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "என்னங்க, நேத்து வெள்ளிக்கிழமையாச்சே, வீட்ல விளக்கு ஏத்தினாங்களா?" என்பதுதான். பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, அன்று மாலையே ஏற்றச் செய்தேன். விளக்கு எரிகிறது என்று வந்து சொன்னபோது, வலிமருந்தால் வராத ஒரு தளர்வு அவள் நெற்றியில் வந்ததை என் கண்ணால் கண்டேன். அன்று முதல் அவள் தலையணைக்கு அடியில் இருந்த சிறிய தோத்திரப் புத்தகத்தைக் காலையும் மாலையும் அவள் செவியில் விழும்படி நான் படித்தேன். எனக்கு அதில் அதுவரையில் பெரிய பற்றுதல் இருந்ததில்லை. ஆனால் கைகளுக்கு வேலையற்றுப் போன ஒருவனுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று கிடைத்தது எத்தகைய ரக்ஷணை என்பதை, அவ்வாறு உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே அறிவார்கள்.

இதோடு நிற்காமல் நான் ஒரு பிசகும் செய்தேன். அவள் வாயில் ஒரு பருக்கை போகும் வரையில் நானும் உண்பதில்லை என்று மனத்துக்குள் சங்கல்பம் செய்துகொண்டேன். இரண்டாம் நாள் பகலில், பரிசோதனைக் கூடத்தின் வரிசையில் இரத்தக் குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்துவிட்டேன். தூக்கி உட்கார வைத்த செவிலி, என் மகள் வயதுடைய பெண், "நீங்களும் படுத்துட்டா அம்மாவை யாருய்யா பார்க்கிறது? போய் நாலு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க" என்று அதட்டினாள். அந்த அதட்டலுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். உபவாசம் என்னும் சொல்லுக்கு அருகே வசித்தல் என்பதே மூலப் பொருள் என்று எப்போதோ படித்திருந்தேன். அன்றுதான் அதன் அர்த்தம் விளங்கிற்று. பட்டினி கிடப்பது எளிது. அருகே வசிப்பதற்கு உடம்பில் வலுவும் கண்ணில் தெளிவும் வேண்டும். பாட்டில் தீர்ந்துபோவதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீரின் அளவைக் குறித்து வைக்க வேண்டும். வைத்தியர் சொன்னதை மறக்காமல் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பத்திய வியாதிகளில் நோயாளியோடு சேர்ந்து பட்டினி கிடக்கும் மனைவியரும் கணவன்மாரும் நம் நாட்டில் மிகுதி. அவர்கள் சாப்பிட வேண்டும். அது துரோகமன்று.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும், அது எச்சரிக்கை என்பதால். ஐந்தாம் நாள் பார்க்க வந்த உறவினர் ஒருவர், தாம் யாத்திரை போயிருந்த தலத்துத் தீர்த்தத்தை ஒரு சிறு குப்பியில் பக்தியோடு கொண்டுவந்து, இரண்டு சொட்டுத்தானே, தெய்வத் தீர்த்தம் என்ன செய்துவிடும் என்று, செவிலி அப்பால் போன சமயம் பார்த்து அவள் வாயில் விடப் போனார். அவருடைய அன்பில் எனக்கு அணுவளவும் சந்தேகம் இல்லை. ஆயினும், குடல் அசைவற்றுக் கிடக்கும் நோயாளிக்கு வாயில் விடப்படுவது வாந்தியாகத் திரும்பி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டிய அவசரம் நேருமானால் வயிற்றில் உள்ளது எதுவாயினும் அபாயம். அன்றியும், எந்த நீரில் எந்தக் கிருமி இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் முகம் வாடிற்று. அப்போது என் மனைவியே மெல்லிய குரலில், "நெத்தியில தடவுங்க அண்ணா, போதும்" என்றாள். அவர் அப்படியே செய்தார். நம்முடைய சமயங்கள் எதற்குத்தான் வழி வைக்கவில்லை! நெற்றிக்குத் திருநீறு உண்டு, குங்குமம் உண்டு. வேளாங்கண்ணி எண்ணெயை நெற்றியில் சிலுவையாக இடலாம். ஓதிய மூச்சைத் தலையில் ஊதலாம். வாய் வழியாகத்தான் கிருபை இறங்கவேண்டும் என்று எந்தத் தெய்வமும் விதித்ததில்லை. பிரசாதத்தை ஒளித்து ஊட்டுகிறவர்கள் தெய்வத்தையும் வைத்தியரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கி, நடுவில் நோயாளியை நிறுத்திவிடுகிறார்கள்.

பிரார்த்தனையால் வியாதி குணமாகுமா என்று நேராகக் கேட்பவர்களுக்கு நேராகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளைச் சேர்ந்த, இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. அந்நியர்கள் அவர்களுக்காகத் தூரத்தில் இருந்து பிரார்த்தித்ததால் சிக்கல்கள் குறையவில்லை என்பதும், தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று நிச்சயமாக அறிந்திருந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்று அதிகமாகவே இருந்தன என்பதும் அதன் முடிவு. நம்பிக்கையுள்ளவர்கள் இதைக் கண்டு மருள வேண்டுவதில்லை, மறைக்கவும் வேண்டுவதில்லை. பிரார்த்தனையை மருந்துபோல் அளந்து, இத்தனை வேளைக்கு இத்தனை பலன் என்று எதிர்பார்த்தால் நமக்குக் கிடைக்கக்கூடியது ஏமாற்றமே. அந்த ஆராய்ச்சி அளக்காததும், அளக்க முற்படாததும் ஒன்று உண்டு: கட்டிலுக்கு அருகில் பன்னிரண்டாம் நாளிலும் எழுந்து போய்விடாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பது. என் நம்பிக்கை என் மனைவியின் கணையத்தைக் குணப்படுத்திற்று என்று நான் சொல்லவில்லை. என்னைக் கட்டிலருகே இருந்த முக்காலியில் இருத்தி வைத்தது அதுதான்.

நம்பிக்கையின் பேரால் நடக்கும் கொடுமை ஒன்றையும் கண்டிக்காமல் விட முடியாது. பார்க்க வருகிறவர்களில் சிலர், பழத்தை மேஜையில் வைத்த கையோடு காரணத்தையும் கண்டுபிடித்துச் சொல்லத் தொடங்குகிறார்கள். குலதெய்வத்துக்குச் செய்யாமல் விட்ட நேர்த்திக்கடனோ, இந்த வீட்டு வாஸ்துவோ, கிரகமோ, பூர்வ ஜன்ம வினையோ, இவள் எதையும் மனத்தில் போட்டு அலட்டிக்கொள்கிறவள் என்பதோ ஒரு காரணமாக வந்து நிற்கிறது. வலியில் கிடப்பவள் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. வயிற்று வியாதிகளின் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. இரைப்பைப் புண் என்பது கவலையாலும் காரத்தாலும் அமிலத்தாலும் வருவதென்று பல தசாப்தங்களாக வைத்தியர்களே நம்பி, கவலையை விடுங்கள் என்று நோயாளிகளுக்கு உபதேசித்து வந்தார்கள். 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவரும், அந்தப் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலமாக ஒரு நுண்கிருமி இருப்பதைக் கண்டார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வீணாகக் கவலைப்பட்டுப் புண்ணைத் தாமே வரவழைத்துக்கொண்டவர்கள் என்று பழி சுமந்த எத்தனை லட்சம் பேர் அதற்குள் மாண்டு போயிருப்பார்கள்! என் மனைவிக்கு வந்தது ஒரு சிறு கல்லால். அதைப் பாபத்தின் கணக்கில் எழுத எவருக்கும் அதிகாரம் இல்லை.

நோயாளியின் நம்பிக்கை நோயாளிக்கே உரியது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மிகவும் நலிந்து கிடந்தபோது, டர்பன் நகரத்து டாக்டர் மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினார். தம் கொள்கையில் அத்தனை பிடிவாதமுள்ள காந்தியடிகளும், அந்த நிலையிலும் மனைவியிடமே போய்க் கேட்டார். அம்மையார் உறுதியாக மறுத்துவிட்டார். பிறிதொரு சமயம் உப்பையும் பருப்பையும் விடும்படி அவர் வேண்டியபோது, உங்களிடம் சொன்னால் நீங்களும் விடமாட்டீர்கள் என்று அம்மையார் சொல்ல, அந்தக் கணமே ஓராண்டுக்கு அவற்றைத் தாம் விட்டுவிட்டதாக அறிவித்தார் என்றும், அம்மையார் அழுது வேண்டியும் அவர் அதைத் திரும்பப் பெறவில்லை என்றும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அத்தனை கடுமையான அன்பு எல்லாக் குடும்பத்துக்கும் ஏற்றதென்று நான் சொல்லத் துணியேன். அழுகிற நோயாளியின் முன்னால் விரதத்தை விட்டுக்கொடுப்பதே மேல் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் முதலில் அவர் செய்தது, கட்டிலில் கிடப்பவரைக் கேட்டது, நாம் எல்லோரும் பின்பற்றத்தக்கது. தெய்வத்தின் பெயரைக் கேட்கவே பிரியமற்ற கணவனின் தலைமாட்டில் நின்று ஓயாமல் பாராயணம் செய்யும் மனைவி, தன் பயத்துக்கு மருந்து தேடிக்கொள்கிறாளே தவிர அவனுக்கு உபசாரம் செய்யவில்லை. அவள் தாழ்வாரத்துக்குப் போய் ஓதிவிட்டு வந்து, அவன் கேட்கிற கிரிக்கெட் சமாசாரத்தைச் சொல்லலாம்.

தமிழ் மொழி உணர்ச்சிகளை நெஞ்சில் வைத்த அளவுக்கு வயிற்றிலும் வைத்திருக்கிறது. பயம் வந்தால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. துக்கத்தில் வயிறு எரிகிறது. நல்ல செய்தி வயிற்றில் பாலை வார்க்கிறது. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவில், துப்பாக்கிக் காயம் ஆறாமல் இரைப்பையில் ஒரு துவாரம் நிலைத்துவிட்ட ஓர் இளைஞனுக்குச் சிகிச்சை செய்த வில்லியம் போமான்ட் என்னும் ராணுவ வைத்தியர், பிந்திய ஆண்டுகளில் அந்தத் துவாரத்தின் வழியாகவே ஜீரணத்தை ஆராய்ந்து, அவன் கோபங்கொண்டபோது அது கெடுவதைக் குறித்து வைத்தார். குடலுக்கென்றே பத்துக்கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் உண்டு என்று இன்றைய சாஸ்திரம் சொல்லுகிறது. ஆகையால் வயிற்று நோயாளியின் பக்கத்தில் உட்காருகிறவர் தம் முகத்தையும் ஒரு சிகிச்சைக் கருவியாகவே பேண வேண்டும். அதற்காகப் பொய் சொல்ல வேண்டுமென்பதில்லை. கணையத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்ற செய்தியை முதலில் நான் அவளிடம் மறைத்தேன். என் முகத்தில் அதை அவள் படித்துவிட்டாள். நான் சொல்லாததை அவள் இன்னும் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டாள். மறுநாள் ஓர் இளம் வைத்தியர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காகிதத்தில் ஒரு படம் வரைந்து, நீர் எங்கே இருக்கிறது, அது தானே வற்றிவிடுவதும் உண்டு, வற்றாவிட்டால் என்ன செய்வார்கள் என்று நிதானமாகத் தமிழில் சொன்ன பிறகே அவள் அன்றிரவு தூங்கினாள்.

பதினோராம் நாள் மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். கணையத்துக்கு ஓய்வு கொடுப்பதாக நோயாளியை நெடுநாள் பட்டினி போடுவது முன்பு வழக்கமாக இருந்தது. தாங்குகிற அளவுக்குச் சீக்கிரமாகவே உணவு செல்ல வேண்டும், வாயால் இயலாவிட்டால் குழாய் வழியாகவாவது செல்ல வேண்டும் என்று இப்போது வைத்திய சாஸ்திரமே தன் விரதத்தைத் தளர்த்திக்கொண்டிருக்கிறது. அன்று காலை வடிகட்டிய நொய்க்கஞ்சி வந்தது. நான் முதல் கரண்டியை ஊட்டினேன். அவள் விழுங்கிவிட்டு, இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு, "உப்பு பத்தல" என்றாள். நாற்பது வருஷம் அவள் எனக்குப் பரிமாறியதற்கு நான் அவளுக்குத் திருப்பிப் பரிமாறியது அந்த மூன்று கரண்டிதான். நீர் முழுவதும் வற்றிய பின், இரண்டு மாதம் கழித்துப் பித்தப்பையை எடுத்தார்கள். இப்போது சுகமாக இருக்கிறாள்.

இந்த நாட்களில் நான் பெற்ற துணை பெரும்பாலும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கிடைத்தது. பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் தங்கக் கூடாது என்பது விதி; மற்றப் பெண் நோயாளிகளின் மானத்தைக் கருதிச் செய்த அந்த விதியில் நியாயம் உண்டு. ஆனால் இரவு எட்டு மணிக்கு வெளியே அனுப்பப்பட்ட கணவன்மார்கள் படுப்பதற்கு ஒரு பலகையும் அங்கே இல்லை. செய்தித்தாளை விரித்துப் படுத்தோம். குடல் காசநோயால் அவதிப்பட்ட கணவனோடு பரங்கிப்பேட்டையில் இருந்து வந்திருந்த ஓர் இஸ்லாமியப் பெண்மணி, தன் பிளாஸ்க்கில் இருந்த தேநீரை எங்கள் எல்லோருக்கும் ஊற்றுவாள். ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொன்ன வைத்தியரிடம், நோன்பு மாதத்தில் என்ன செய்வதென்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லு முன்பே, "நோயாளிக்கு நோன்பு கடமையில்ல, சுகமானப்புறம் வச்சுக்கலாம்னு மார்க்கத்திலேயே இருக்கு, இவருக்குத்தான் மனசு கேக்கல, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். எத்தனை தெளிவு! தன் மார்க்கம் கொடுத்த சலுகையைத் தன் கணவனுக்காக வைத்தியர் வாயால் சொல்ல வைத்த அந்த அம்மாளிடம், விளக்குமாறு ஏந்திய பக்தியின் இன்னொரு வடிவத்தைக் கண்டேன்.

மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை இருத்தும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன; அதே தயையைப் பெரிய வியாதியில் கிடக்கிற மற்றவர்களின் கட்டிலுக்கும், திரைச்சீலையோ தடுப்போ போட்டாவது, நீட்டிக்க வேண்டும். இரவில் தங்குகிறவர்களுக்குப் படுக்க இடமும் குடிதண்ணீரும் வேண்டும். தினம் ஒரு குறித்த நேரத்தில், நோயின் நிலையைப் புரிகிற தமிழில் ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும். எந்தச் சமயத்தாரும் போய் அமைதியாக உட்காரும்படி, படமும் சிலையும் இல்லாத ஓர் அறை இருந்தால் மிகவும் நல்லது.

உறவினர்களிடமும் நண்பர்களிடமும் கேட்பது அதைவிட எளிது. வாயால் ஒன்றும் உண்ணாத நோயாளியின் மேஜையில் ஆப்பிளையும் சாத்துக்குடியையும் கொண்டுபோய் அடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துக்கொண்டு, தாழ்வாரத்தில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ கொடுங்கள். அவர் உண்டு முடித்த பின், இரண்டு மணி நேரம் அவரைத் தூங்கச் சொல்லிவிட்டு, அந்த முக்காலியில் நீங்கள் விழித்திருங்கள்.